குழம்புச் சோறு, ரசம், பாயசம்: வீட்டுச் சாப்பாட்டில் நாய்க்கு எது நஞ்சு?

கேள்வி: சிப்புட்_தோட்டத்து_வீடு

வணக்கம். சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டின வீடு. நாய் ரெண்டு இருக்கு. ஒண்ணு 14 கிலோ நாட்டு நாய், பகலெல்லாம் வெளியில சுத்தும். இன்னொண்ணு 4 கிலோ பொமெரேனியன், வீட்டை விட்டு இறங்காது. ரெண்டுக்குமே மிச்சச் சோறுதான்: சோத்து மேல ஒரு கரண்டி சாம்பார், இல்லேன்னா கறிக்குழம்பு, சில நாள் ரசம்.

தீபாவளி வருது. வீட்டுல திறந்த இல்ல உபசரிப்பு. பாயசம், கேசரி, சாக்லெட் பிஸ்கட், கச்சாங் பூத்தே எல்லாம் மேசையில இருக்கும். பிள்ளைங்க தட்டுலேர்ந்து எடுத்து நாய்க்கு ஊட்டுவாங்க, தடுக்க முடியாது. இணையத்துல பார்த்தா சாக்லெட், திராட்சை, அவகாடோன்னு ஒரே பட்டியல் சுத்திச் சுத்தி வருது. சாம்பாரைப் பத்தியோ புளியைப் பத்தியோ யாரும் எழுதலை. நான் தெரிஞ்சுக்க விரும்புறது:

வேகவெச்ச வெங்காயமும் பூண்டும் கெடுதலா? வெங்காயத்தைப் பொறுக்கிட்டு குழம்பு மட்டும் ஊத்தினா சரியா? புளி எப்படி? எந்த எடை நாய்க்கு எவ்வளவு போனா ஆபத்து? ராத்திரியில ஏதாவது தின்னுட்டா ஈப்போ போய்ச் சேர்ற வரைக்கும் வீட்டுல என்ன செய்யணும்?

பதில்: கிளினிக்_அக்கா

தம்பி, முதல்ல வெங்காயத்தையும் பூண்டையும் பார்ப்போம். சாக்லெட் பண்டிகைக்குத்தான் வீட்டுக்கு வரும். வெங்காயம் தினமும் நாய்த் தட்டுக்குப் போகுது.

பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள், குச்சாய் எல்லாம் ஒரே குடும்பம். அதுல இருக்கிற கந்தகச் சேர்மங்கள் நாயோட சிவப்பணுவுக்குள்ள போய் ஹீமோகுளோபினைக் கெடுக்குது. கெட்டுப்போன ஹீமோகுளோபின் அணுவோட ஓரத்துல சின்னச் சின்ன முடிச்சா ஒட்டிக்கும். இரத்தத் துளியைச் சாயம் போட்டு நுண்ணோக்கியில பார்த்தா தெரியும், ஹைன்ஸ் பாடின்னு பேரு. முடிச்சு விழுந்த அணுக்களை மண்ணீரல் பிடிச்சு அழிச்சிடும், சிலது இரத்தக் குழாய்க்குள்ளேயே உடைஞ்சு போகும். இந்தக் கேட்டைத் தாங்குற கேட்டலேஸ் நொதி நாயோட அணுவுல குறைவு. அதனாலதான் நமக்கு ஒண்ணும் செய்யாத வெங்காயம் நாய்க்கு இரத்தசோகையைக் கொண்டு வருது.

நீங்க கேட்ட முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். வேகவெச்சாலும் வறுத்தாலும் காயவெச்சுப் பொடியாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. குழம்பு கொதிக்கும்போது அது சாத்துக்குள்ள இறங்கிடும், அதனால வெங்காயத் துண்டைப் பொறுக்கி எறியறதுல பிரயோஜனமே இல்லை. வறுத்த சின்ன வெங்காயம் இன்னும் மோசம், ஏன்னா நீர் வத்தி எடை சுருங்கிடுது. பிரியாணி மேலயும் சூப்புலயும் தூவுற ஒரு கைப்பிடியில பச்சையா அதைப்போல பல மடங்கு வெங்காயம் அடங்கியிருக்கும்.

அளவு: ஒரே தடவையில உடல் எடையில 0.5 விழுக்காட்டுக்கு மேல வெங்காயம் போனாலே எச்சரிக்கை. அதாவது கிலோவுக்கு 5 கிராம். இரத்தப் பரிசோதனையில தெளிவாத் தெரியற கெடுதல் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம்ல பதிவாகியிருக்கு. உங்க பொமெரேனியனுக்கு எச்சரிக்கைக் கோடு 20 கிராம், ரெண்டு மூணு சின்ன வெங்காயம்தான். நாட்டு நாய்க்கு 70 கிராம். இப்ப உங்க குழம்புச் சட்டியைக் கணக்குப் போடுங்க. அரைக் கிலோ வெங்காயம் வதக்கி, பத்துக் கரண்டி வர்ற மாதிரி குழம்பு வெச்சா, ஒரு கரண்டியில 50 கிராம் வெங்காயத்தோட சாறு இருக்கு. சின்ன நாய்க்கு அந்த ஒரு கரண்டியே கோட்டைத் தாண்டிடுச்சு. பூண்டுக்கு வீரியம் வெங்காயத்தைவிட மூணுலேர்ந்து அஞ்சு மடங்கு. இஞ்சி பூண்டு விழுது போட்ட கறியில அதையும் சேர்த்துக்கணும்.

அன்னைக்கே தெரியாதுங்கறதுதான் இதுல பெரிய சிக்கல். முதல் நாள் வாந்தி, வயித்துப்போக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரத்தசோகை வெளியில தெரிய மூணு நாளிலேர்ந்து அஞ்சு நாள் ஆகும். ஈறு வெளுத்துடும், நாய் சோர்ந்து படுத்துக்கும், மூச்சு வேகமா வாங்கும், சிறுநீர் கோப்பி நிறத்துல போகும். நம்ம பக்கம் உண்ணிக் காய்ச்சலும் இதே அடையாளத்தோடதான் வரும். அதனால கிளினிக்குக்குப் போகும்போது "கடந்த ஒரு வாரத்துல வெங்காயக் குழம்பு சாப்பிட்டுச்சு"ன்னு நீங்களே வாயைத் திறந்து சொல்லணும். சொன்னாத்தான் டாக்டர் ரெண்டையும் சோதிப்பாரு. இல்லேன்னா உண்ணிக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பிடுவாங்க, வீட்டுக்கு வந்ததும் நாய்க்கு மறுபடியும் அதே குழம்புதான்.

பதில்: பழைய_லயம்

எங்க தோட்டத்துல மூன்று தலைமுறையா நாய்கள் குழம்புச் சோறு சாப்பிட்டுத்தான் வளர்ந்தன. பதினைந்து வருடம் வாழ்ந்த நாயும் உண்டு. ஒரு கரண்டிக்கு இவ்வளவு பயப்படணுமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பதில்: கிளினிக்_அக்கா

நியாயமான கேள்விங்க ஐயா. ரெண்டு காரணம் இருக்கு. அந்தக் காலத்து லயத்து நாய் பெரும்பாலும் 15, 20 கிலோ. சோறு அதிகம், குழம்பு பேருக்குத்தான். எடைக்குக் கணக்குப் போட்டா கோட்டுக்குக் கீழேயே நின்னிருக்கும். இன்னைக்கு வீட்டுக்குள்ள இருக்கிறது 3, 4 கிலோ நாய், அதே கரண்டிதான் அதுக்கும்.

அடுத்தது, கொஞ்சம் கொஞ்சமா தினமும் போனா எலும்பு மஜ்ஜை புது அணுவை உண்டாக்கி ஈடுகட்டிக்கிட்டே இருக்கும். நாய் நடமாடும், சாப்பிடும், பார்க்க நல்லாவே இருக்கும். ஆனா கையிருப்பு இல்லை. அந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சலோ கொக்கிப்புழுவோ சேர்ந்து வந்தா சட்டுன்னு விழுந்துடும். அப்படி விழுற நாயை "காய்ச்சல்ல செத்துப்போச்சு"ன்னுதான் சொல்லுவாங்க, குழம்பு யார் நினைவுக்கும் வராது. ஒரு தடவை நக்கினதுக்குப் பதற வேண்டாம். தினமும் கரண்டி கணக்கா ஊத்தறதை மட்டும் நிறுத்தணும்.

பதில்: சமையற்கட்டு

புளியைப் பற்றி யாருமே எழுதுவதில்லை என்று சொன்னீர்கள். அதற்குக் காரணம் உண்டு. இது அண்மையில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரியும். எந்தப் பொருள் கெடுக்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டிக் காட்டினார்கள். வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்குத் திராட்சை தின்றதைப் போலவே சிறுநீரகம் பழுதானது. அந்த மாவில் கிரீம் ஆஃப் டார்டார் கலந்திருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. புளி தின்று அதே விதமாகப் பாதிக்கப்பட்ட நாய்களும் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளன.

இப்போது நம் அடுப்படிக்கு வாருங்கள். புளியின் புளிப்பே டார்டாரிக் அமிலம்தான். சதைப்பற்றில் 8 முதல் 18 விழுக்காடு வரை இருக்கும், திராட்சையில் இருப்பதைவிடப் பல மடங்கு. எலுமிச்சை அளவு புளி 30 கிராம் என்று வைத்தால் அதில் ஏறக்குறைய இரண்டரை முதல் ஐந்தரை கிராம் அமிலம். நாய்க்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று யாரும் கோடு போடவில்லை. ஒரு நாய் தாங்குகிறது, இன்னொரு நாய்க்குக் கொஞ்சத்திலேயே சிறுநீர் நின்றுபோகிறது. தண்ணீர் போன்ற ரசத்தில் ஒரு வாய் நக்கியதற்கு ஈப்போவுக்கு ஓட வேண்டாம் என்பது என் கருத்து. கெட்டியான புளிக்குழம்பு, மீன் குழம்பு, புளியோதரை, இனிப்புப் புளி மிட்டாய், மேசையிலிருந்து விழுந்த அசாம் ஜாவா (கடையில் விற்கும் புளி) பொட்டலம் ஆகியவை வேறு கதை. பொட்டலத்தைக் கிழித்து நாய் உருண்டையாக விழுங்கிவிட்டால் அவசரம்தான், அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது. அசாம் கெப்பிங் வேறு மரத்துக் காய், அதன் அமிலமும் வேறு. இந்தக் கணக்கில் அது வராது.

உலர்ந்த திராட்சையில் கிலோவுக்கு 2.8 கிராம் அளவிலேயே பாதிப்பு பதிவாகியிருக்கிறது. 4 கிலோ நாய்க்கு 11 கிராம், ஒரு சிறு கைப்பிடி. பச்சைத் திராட்சையில் கிலோவுக்கு சுமார் 20 கிராம். பாயசத்திலும் கேசரியிலும் நெய்யில் வறுத்துப் போடும் திராட்சை உப்பிப் பெரிதாகத் தெரியும், நஞ்சு குறைவதில்லை. பழக் கேக்கில் திராட்சையோடு மதுவும் ஊறியிருக்கும். கச்சாங் பூத்தே கலவை சிலவற்றில் திராட்சையும் வறுத்த பூண்டும் உண்டு, உப்பும் அதிகம். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, பிறகு பசியின்மை, சோர்வு; ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீர் குறையும். மழைக்காலத்தில் எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸும் இதே போல் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால் என்ன தின்றது என்ற தகவல் மருத்துவருக்கு மிகவும் தேவை.

சமையல் முறையை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். நாயின் பங்கைத் தாளிப்பதற்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள். சாம்பாருக்குப் பருப்பு வேகும்போது மஞ்சளும் தண்ணீரும் மட்டும் போதும். வெந்ததும் ஒரு கரண்டி நாய்க்கு, அதன் பிறகு உப்பு, புளி, வெங்காயம். கோழி வெட்டும்போது நெஞ்சுக்கறியில் ஒரு துண்டை மசாலா பிரட்டாமல் தனியே அவித்து எலும்பில்லாமல் பிய்த்துப் போடலாம். கெம்போங் மீனையும் அப்படியே அவித்து முள் எடுக்கலாம். பூசணி, கேரட், வெறும் அவித்த முட்டை எல்லாம் சோற்றோடு சேரும். தேங்காய்ப்பால் கொழுப்பு அதிகம், வேண்டாம். இப்படிச் சமைத்ததையே ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் கால்சியம் போதாது. ஒரு வேளையாவது கடையில் விற்கும் முழுமையான நாய்த் தீனி இருக்கட்டும்.

பதில்: ஈப்போ_மருந்துக்கடை

சாக்லெட்டுக்கும் இனிப்பு மிட்டாய்க்கும் கணக்கு தருகிறேன், எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

சாக்லெட்டில் நஞ்சு தியோபுரோமின், கூடவே கஃபீன். மனித உடம்பு இதை நாயைவிட வேகமாகக் கழித்துவிடும். நாயின் உடம்பில் பாதி குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகிறது. அதனால் காலையில் தின்ற சாக்லெட் மறுநாளும் இதயத்தை விரட்டிக்கொண்டிருக்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராமில் வாந்தி, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமை. 40 தாண்டினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். 60-இல் வலிப்பு வரலாம்.

பால் சாக்லெட்டில் கிராமுக்கு சுமார் 2 மில்லிகிராம், கறுப்புச் சாக்லெட்டில் 5 அல்லது அதற்கு மேல், சமையலுக்குப் பயன்படும் இனிப்பில்லாத கட்டியில் 15 அளவில், கொக்கோ மாவில் 25-க்கு மேல். ஆக 4 கிலோ நாய்க்கு முதல் அறிகுறி வர 40 கிராம் பால் சாக்லெட், 16 கிராம் கறுப்புச் சாக்லெட் போதும். கொக்கோ மாவு 3 கிராமே போதும், ஒரு தேக்கரண்டி. 14 கிலோ நாய்க்கு இவை முறையே 140 கிராம், 56 கிராம், 11 கிராம். லண்டன் அல்மண்ட் பிஸ்கட்டின் மேற்பூச்சு எந்தச் சாக்லெட் என்று சுட்டவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பால் சாக்லெட்டுக்கும் கறுப்புக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். மைலோவில் மால்ட்டும் பாலும் சர்க்கரையும் கலந்திருப்பதால் கொக்கோ மாவைவிட வீரியம் மிகக் குறைவு. குவளையில் மிஞ்சிய ஒரு மிடறு பெரிய ஆபத்தில்லை. டின்னைக் கவிழ்த்து மாவை நக்கித் தீர்த்திருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். கோப்பித் தூளும் தேயிலைச் சக்கையும் கஃபீன் என்பதால் குப்பையில் மூடி வைக்க வேண்டும். கோப்பிச் சக்கையில் கஃபீன் முழுதும் இறங்கிவிடுவதில்லை.

எனக்கு இதைவிட அதிகக் கவலை சைலிட்டோல். சர்க்கரை இல்லாத சூயிங்கம், புதினா மிட்டாய், சில பற்பசை, சில கச்சான் வெண்ணெய் இவற்றில் இருக்கும் இனிப்பூட்டி. அட்டையில் E967 என்றும் அச்சிட்டிருப்பார்கள். நாயின் கணையம் இதைச் சர்க்கரை என்றே நினைத்து இன்சுலினைக் கொட்டிவிடும். இரத்தச் சர்க்கரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கீழே விழும். சூயிங்கத்தை மெல்லாமல் விழுங்கியிருந்தால் தாமதமாகவும் வரும், 12 மணி நேரம் வரை. தள்ளாட்டம், சோர்வு, வலிப்பு. கிலோவுக்கு 0.1 கிராமில் சர்க்கரை இறங்கும், 0.5 கிராமில் கல்லீரல் அழியும். 4 கிலோ நாய்க்கு 0.4 கிராம் என்பது சில வகைகளில் ஒரே ஒரு சூயிங்கம். விருந்தாளிகளின் கைப்பையை நாற்காலியிலோ தரையிலோ வைக்க விடாதீர்கள், மூடிய அறையில் உயரத்தில் வையுங்கள். பெரும்பாலும் நாய்க்கு இது கிடைக்கும் இடம் கைப்பைதான்.

மக்காடேமியாக் கொட்டை போட்ட பிஸ்கட் தின்றால் பின்னங்கால் வலுவிழந்து நடுங்கும், கிலோவுக்கு 2 கிராம் அளவிலேயே. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் இரண்டு நாளில் தெளிந்துவிடும். நீங்கள் பார்த்த பட்டியலில் இருந்த அவகாடோ நாய்க்குப் பெரிய நஞ்சில்லை. கொழுப்பும் தொண்டையில் சிக்கும் கொட்டையும்தான் பிரச்சினை.

பதில்: பால்மரத்தடி

நாட்டு நாய் வெளியே சுற்றுகிறது என்றீர்கள், அதனால் தோட்டத்துப் பொருள்களையும் சேர்க்கிறேன்.

பச்சை மரவள்ளிக் கிழங்கு, அதன் தோல், இலை எல்லாவற்றிலும் லினமரின் என்ற பொருள் உண்டு. கடித்து மெல்லும்போது அது சயனைடாக மாறும். கசப்பு வகையில் அதிகம். ரப்பர் விதையிலும் இதுவே இருக்கிறது. பழைய பால்மரத் தோப்பு பக்கத்தில் இருந்தால் விதை வெடித்துச் சிதறும் மாதங்களில் குட்டிநாய்கள் கடித்து விளையாடும். சயனைடு வேகமானது: சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மூச்சிரைப்பு, எச்சில், தள்ளாட்டம், வலிப்பு. ஈறு வெளுக்காது, பளிச்சென்று சிவந்திருக்கும். கிழங்கைத் தோல் சீவி, தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகு ஒரு துண்டு கொடுப்பதில் தவறில்லை. சீவிய தோலை வாசலில் குவிக்காமல் புதைத்துவிடுங்கள்.

கள், சம்சு, தாப்பாய். இவற்றில் தாப்பாய்தான் ஏமாற்றும், பிள்ளைகள் இனிப்புப் பண்டம் என்று நினைத்துக் கொடுப்பார்கள். புளித்த அரிசியில் சாராயம் இருக்கிறது, சிறிய நாய்க்கு உடல் குளிர்ந்து மூச்சு மந்தமாகும். ஈஸ்ட் போட்ட பச்சை மாவு வயிற்றின் சூட்டில் இன்னும் உப்பி, சாராயத்தையும் உண்டாக்கும். இட்லி மாவில் அந்த அளவு சாராயம் இல்லாவிட்டாலும் காற்று சேரும், சட்டியோடு நக்க விட வேண்டாம்.

பூஞ்சை பிடித்த ரொட்டி, சோறு, கச்சான் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஈரக் காற்றில் குப்பைப் பையில் இருக்கும் மிச்சம் சீக்கிரமே பச்சை படியும். சில பூஞ்சைகளின் நஞ்சு நரம்பைத் தாக்கி உடல் முழுக்க நடுக்கத்தைக் கொண்டுவரும். பூஞ்சைக் கச்சானில் உள்ள அஃப்லாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். "கெட்டுப்போச்சு, நாய்க்குப் போடு" என்ற பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். மனிதனுக்கு ஆகாதது நாய்க்கும் ஆகாது.

ஆட்டுக்கறிக் கொழுப்பு, வறுத்த தோல், நெய்ப் பலகாரம் நஞ்சில்லை, ஆனால் பண்டிகைக்கு மறுநாள் நாய்களைப் படுக்க வைப்பதில் இவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு. கணையம் வீங்கி, ஓயாத வாந்தி வரும். முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி நின்றால் வயிற்று வலி என்று பொருள். உதிர்ந்த செம்பனைப் பழத்திலும் எண்ணெய் மிகுதி, தின்றால் வயிறு கெடும். வேகவைத்த எலும்பு, சாத்தே குச்சி, ரம்புத்தான் கொட்டை, மாங்கொட்டை, சோளத் தண்டு எல்லாம் குடலைக் கிழிக்கும் அல்லது அடைக்கும்.

கேள்வி: சிப்புட்_தோட்டத்து_வீடு

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கே குழம்பு ஊத்தறதை நிறுத்தியாச்சு. அவசரத்துக்கு இன்னும் பதில் வரலை. ராத்திரி பத்து மணிக்குத் தின்னுட்டா? உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. இளநீர், பால், முட்டை வெள்ளைன்னும் சொல்றாங்க. கரி மாத்திரை வீட்டுல இருக்கு, கொடுக்கலாமா?

பதில்: ஈப்போ_மருந்துக்கடை

உப்புத் தண்ணீர் கூடவே கூடாது. ஒரு மேசைக்கரண்டி உப்பு சுமார் 17 கிராம். நாய்க்கு உயிரைப் பறிக்கும் அளவு கிலோவுக்கு 4 கிராம் பக்கம், 4 கிலோ நாய்க்கு அது 16 கிராம். சாக்லெட்டால் சாகாத நாய் அந்த ஒரு கரண்டி உப்பால் மூளை பாதித்துச் சாகும். விரலைத் தொண்டையில் விடுவதும் வேண்டாம், கடி வாங்குவீர்கள், தொண்டையும் கிழியும். பால், முட்டை, இளநீர், மஞ்சள் தண்ணீர் எதுவும் இந்த நஞ்சுகளை முறிக்காது, நேரத்தைத்தான் தின்னும். மயங்கிய நாயின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

முதல் வேலை தொலைபேசி. தீபாவளி பொது விடுமுறை என்பதால் ஈப்போவில் எந்தக் கிளினிக் அன்றிரவு திறந்திருக்கும் என்று இப்போதே கேட்டு, இரண்டு எண்களாவது எழுதி வையுங்கள். அழைக்கும்போது நாயின் எடை, தின்ற பொருள், அதிகபட்சம் எவ்வளவு போயிருக்கும், எத்தனை மணிக்கு, இப்போது எப்படி இருக்கிறது, இந்த ஐந்தையும் சொல்லுங்கள். அளவு தெரியாவிட்டால் மீதியை எடை போட்டு முழுப் பொட்டலத்திலிருந்து கழியுங்கள். இரண்டு நாயும் அந்த இடத்தில் இருந்திருந்தால் முழுவதையும் சின்ன நாயே தின்றதாக வைத்துக் கணக்கிடுங்கள். பொட்டலத்தையும், வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு பையில் கட்டிக் கொண்டுபோங்கள்.

வாந்தி எடுக்க வைப்பது கிளினிக்கில் ஊசியால் செய்ய வேண்டியது. அபோமார்பின் போட்டால் சில நிமிடத்தில் வந்துவிடும். நீங்கள் இருக்கும் தூரத்தைக் கேட்டு மருத்துவரே வீட்டில் செய்யச் சொன்னால் மட்டும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு. கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி, எவ்வளவு பெரிய நாயானாலும் 45 மில்லிக்கு மேல் இல்லை. ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. போத்தலில் 10 வால்யூம் என்றிருந்தால் அது 3 விழுக்காடு. 20 வால்யூம் 6 விழுக்காடு, முடிச்சாயத்தோடு வருவது அதற்கும் மேலே போகும், அவை இரைப்பையைப் புண்ணாக்கிவிடும். வெகுநாள் திறந்து கிடந்தது நுரைக்காது, வேலையும் செய்யாது. நாய் ஏற்கெனவே தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ எதுவும் கொடுக்கக் கூடாது. பக், ஷி சூ போன்ற சப்பை மூஞ்சி நாய்க்கும், மண்ணெண்ணெய், குளோராக்ஸ், எலும்பு, குச்சி விழுங்கிய நாய்க்கும் அப்படியே.

பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால்தான் பயன். சாக்லெட்டும் உலர்ந்த திராட்சையும் இரைப்பையில் கட்டியாக நெடுநேரம் தங்கும் என்பதால் நான்கு, ஆறு மணி நேரம் ஆகியிருந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள், மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கரி மாத்திரையை வீட்டில் நம்பாதீர்கள். தேவையான அளவு கிலோவுக்கு 1 கிராம். 250 மில்லிகிராம் மாத்திரையில் உங்கள் சின்ன நாய்க்கு 16, பெரிய நாய்க்கு 56 ஆகிறது. திணித்தால் மூச்சுக்குழாயில் போகும். சைலிட்டோலையும் சாராயத்தையும் கரி சரியாகப் பிடிக்காது. சைலிட்டோல் தின்று நாய் தள்ளாட ஆரம்பித்திருந்தால் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிக்கொண்டே காரில் கிளம்புங்கள். அது மட்டும் வழியில் செய்யத்தக்கது.

பதில்: கிளினிக்_அக்கா

மேலே சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன் தம்பி. வாந்தி எடுத்து நாய் தெளிஞ்சுட்டாலும் வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடிடாதீங்க. திராட்சை, புளிக்கு ரெண்டு நாள் இரத்தக் குழாய் வழியா திரவம் ஏத்தி, 24, 48, 72 மணி நேரத்துல சிறுநீரகத்தோட நிலையைக் காட்டுற கிரியேட்டினினை இரத்தத்துல பார்ப்பாங்க. முதல் நாள் இரத்தம் சரியா இருக்கறது போதாது, சிறுநீரகம் கெடறது அதுக்கப்புறம்தான் இரத்தத்துல தெரியும். சைலிட்டோலுக்கு குறைஞ்சது 12 மணி நேரம் சர்க்கரையை அடிக்கடி பார்த்து, கல்லீரலை மூணு நாள் வரைக்கும் சோதிக்கணும். வெங்காயத்துக்கு அன்னைக்கு ஒரு தடவை, மறுபடி அஞ்சாம் நாள் இரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. செலவைப் பத்தி முன்னாலேயே வெளிப்படையாப் பேசுங்க, எந்தச் சோதனையை விடக்கூடாது, எதை விடலாம்னு டாக்டர் சொல்லுவாரு.

வயித்து வலின்னு பானடோல், புருஃபென் எதையும் கையில எடுக்காதீங்க. புருஃபென் நாயோட இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பானடோல் அளவு கூடினா கல்லீரல் போயிடும். உபசரிப்பு நாள்ல ரெண்டையும் சாப்பாடு கொடுத்து, தண்ணி வெச்சு, பின்னறையில கதவைச் சாத்தி விடுங்க. பட்டாசுச் சத்தத்துக்கும் அதுதான் நல்லது. பிள்ளைங்களுக்கு அவிச்ச கோழித் துண்டு ஒரு கிண்ணத்துல தனியா எடுத்து வெச்சு, நாய்க்குக் கொடுக்கணும்னா இதுலேர்ந்து மட்டும்தான்னு சொல்லிடுங்க.